கங்காணியாவது கூடப் போனான்

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் எங்கள் பக்கத்து ஏஜென்ட் அண்ணன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஆர்.எஸ்.மங்கலத்துக்கும் திருவாடானைக்கும் நடுவில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடுவது, விசா பேப்பர் எடுப்பது, டிக்கெட் பிரிண்ட் போடுவது என்று எல்லாவற்றுக்கும் நீங்கள் ஆள் அனுப்புவது என்னிடம்தான். "தங்கச்சி, நம்ம பையன் ஒருத்தன் வருவான், பாத்துப் பண்ணிவிடு" என்று போன் வரும். நானும் பார்த்துப் பண்ணிவிடுவேன். கலர் பிரிண்ட் 20 ரூபாய். 14 வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

உங்களில் யாருடைய பெயரையும் இதில் எழுதப் போவதில்லை. ஒருத்தர் பெயரைப் போட்டால் மற்றவர்கள் எல்லாரும் "அவன் ஒரு மாதிரி, நம்ம அப்படி இல்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள்.

போன வருஷம் வைகாசியில் ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். சவுதி விசா பேப்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பி மூன்று காப்பி கேட்டான். சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்குகிற வேலை, 1,500 ரியால் சம்பளம், தங்குவது கம்பெனி செலவு என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். பேப்பரில் பாதி அரபி. எனக்கு அரபி தெரியாது. ஆனால் இப்போது போன் கேமராவைக் காட்டினால் அதுவே தமிழில் சொல்லிவிடுகிறதே, சும்மா காட்டிப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் 'மேய்ப்பவர்' என்று வந்தது. மெஷின் உளறுகிறதோ என்று இன்னொரு தடவை காட்டினேன். மறுபடியும் மேய்ப்பவர்தான்.

நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் அம்மா தோட்டை அடகு வைத்துவிட்டு வெளியே வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார். டிக்கெட் போட்டாயிற்று. மறுநாள் ராத்திரி திருச்சியில் ஃபிளைட். இந்த நேரத்தில் நான் போய் என்னத்தைச் சொல்வது, மெஷின் சொன்னதை நம்பி ஒரு குடும்பத்தின் காரியத்தைக் கெடுப்பதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதானால், உங்கள் முகமும் நினைவுக்கு வந்தது. மாதத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் நீங்கள் சொல்லித்தான் என் கடைக்கு வருகிறார்கள். மூன்று காப்பி, 60 ரூபாய். வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

அவன் இப்போது சவுதியில் ஹாயில் ஊர்ப் பக்கத்துப் பாலைவனத்தில் எங்கோ இருக்கிறான். ஆடுகளுக்குத் தண்ணீர் லாரி வரும் நாளில்தான் போனுக்கு சார்ஜ் ஏறுகிறது. அவன் அம்மா என் கடைக்கு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்து, "இன்னைக்கு லாரி வர்ற நாளா தாயி?" என்று கேட்கிறார். ஆகவே இந்த மடலில் உங்களைக் குறை சொல்லும் இடத்தில் எல்லாம் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தே செய்கிறீர்கள் என்றால் அது வேறு. சவுதியில் கம்பெனித் தொழிலாளிக்கு ஒரு சட்டம். வீட்டு டிரைவர், வீட்டு வேலைக்காரர், தோட்டக்காரர், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர், இவர்கள் எல்லாம் அந்தச் சட்டத்துக்கு வெளியே. விசா கொடுக்கும் ஸ்பான்சர் முதலாளிக்கு அங்கே கபில் என்று பெயர். 2021 மார்ச்சில் அந்தக் கபில் முறையைத் தளர்த்தினார்கள். ஒரு வருஷம் வேலை பார்த்தால் முதலாளி சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம், ஊருக்கு வந்து போகலாம் என்று பேப்பரில் எல்லாம் பெரிதாக வந்தது. அந்தத் தளர்வும் இவர்களுக்குக் கிடையாது. விசாவில் சரக்கு அடுக்குபவர் என்று இருந்திருந்தால் அவன் லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். மேய்ப்பவர் என்று இருப்பதால் பெரும்பாலும் கபில் விட்டால்தான் வழி. விடாமல் இவனாக வெளியேறினால், ஓடிப்போனவன் என்று 'ஹுரூப்' எழுதிவிடுவார்கள். அப்புறம் ஜெயில், இல்லாவிட்டால் பொது மன்னிப்பு வரும்வரை ஒளிந்து வாழ்வது.

குவைத்தில் இதே கதைக்கு விசா 20 என்று பெயர். கத்தாமா என்று சொல்லும் இந்த வீட்டு வேலை விசாவில் போனவர்கள் கடையில் வேலை பார்த்தால் அதுவே குற்றம். 2022 செப்டம்பரில் திருவாரூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். வேறு வேலை என்று சொல்லி அழைத்துப்போய், ஒட்டகம் மேய்க்க விட்டிருந்தார்கள். அவரிடமும் யாரோ ஒருத்தர் "நல்ல வேலைப்பா" என்று இங்கே வைத்துச் சொல்லியிருப்பார்தானே.

சரி, பழைய கதை ஒன்று சொல்கிறேன். என் அப்பாயியின் அத்தை கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர். மண்டபம் கேம்ப்பில் பல நாள் வைத்து மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்து, அம்மை குத்தி, தேறியவர்களைத்தான் கப்பலேற்றினார்களாம். இன்று நம் பையன்கள் வளைகுடா போக எடுக்கும் கம்கா மெடிக்கலில் 'அன்ஃபிட்' ஆகாமல் இருக்கக் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்கிறார்கள். இலங்கைத் தோட்டக்காரர்கள் கூலி ஆள் திரட்டுவதற்கென்றே 1904இல் தலைமை ஆபீஸ் போட்டது எந்த ஊரில் தெரியுமா? திருச்சியில். இன்றும் நம் பக்கத்து ஆட்கள் புதுக்கோட்டை வழியாக வேன் பிடித்துப் போய் நிற்பது திருச்சியில்தான். ஆபீஸ் இருந்த இடத்தில் ஏர்போர்ட் என்று சொல்ல மாட்டேன், ஊர் அதேதான்.

தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் ஊராக ஆள் சேர்க்க வந்தவன் கங்காணி. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டிப் போனான் என்று மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். பயணச் செலவுக்கு முன்பணம் கொடுப்பான். அது தோட்டத்துக் கணக்கில் கடனாக ஏறும். கடன் தீர்ந்தால்தான் தோட்டத்தை விட்டுப் போக முடியும். வேறு தோட்டத்துக்கு மாற வேண்டும் என்றால், இவர்கள் கடன் இவ்வளவு, இதைக் கட்டுகிறவர் கூட்டிப்போகலாம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். ஆளையே பற்றுச்சீட்டாக ஆக்கிய அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

கங்காணி யோக்கியன் என்று சொல்ல நான் வரவில்லை. அவன் அடித்த அடியும் கணக்கில் செய்த மோசடியும் அங்கே பாட்டாகவே இருக்கிறது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அவன் கூடப் போனான். தன் சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு அதே கப்பலில், அதே காட்டுப் பாதையில் போனான். அவனும் தோட்டத்திலேயேதான் குடியிருந்தான். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் நாளுக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தலைக்காசு. ஆள் படுத்தால் அவன் காசும் படுத்தது. சுயநலம்தான், இருக்கட்டும். கூட்டிப் போனவர்கள் உயிரோடு நடமாடுவதில் அந்தச் சுயநலத்துக்கு ஒரு பங்கு இருந்தது.

உங்கள் தலைக்காசு திருச்சி ஏர்போர்ட் வாசலோடு முடிந்துபோகிறது. அதற்கப்புறம் அவன் இருந்தால் என்ன, போனால் என்ன, உங்களுக்கு ஒரு பைசா கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. என்னைக் கேட்டால் எல்லாக் கோளாறும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று. கங்காணி காலத்தில் கூலியிடம் பணம் இல்லை என்பதால் துரை முன்பணம் கொடுத்தான். இப்போது கூலி போகிறவனே பணம் கட்டி வேலையை வாங்குகிறான். சவுதிச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவும், இகாமா என்கிற அங்கே தங்கும் அனுமதி அட்டைச் செலவும் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட்டும் முதலாளி கணக்கு. ஐக்கிய அரபு அமீரகத்திலும் தொழிலாளியிடம் ஆளெடுப்புச் செலவை வாங்கக் கூடாது. நம் நாட்டில் பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி வாங்கலாம், ஆக மொத்தம் 35,400. இது எல்லாம் பேப்பரில். அங்கே கம்பெனி சும்மா கொடுக்கும் விசாவை ஒரு புரோக்கர் விற்கிறான், மும்பையில் ஒருத்தர் வாங்குகிறார், சென்னையிலோ திருச்சியிலோ இன்னொருத்தர், கடைசியில் நீங்கள். கை மாற மாற விலை ஏறுகிறது. நம் சந்தையில் முண்டு மிளகாய் மூட்டை கை மாறுவது மாதிரிதான். ஒரே வித்தியாசம், மிளகாய் ஏலத்தில் மூட்டையைப் பிரித்துச் சரக்கைக் காட்டுவார்கள்.

என் தம்பி கணக்கைச் சொல்லட்டுமா? 2016 ஐப்பசி, கார்த்திகையில் மழையே இல்லை. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்துபோன வருஷம் அது. புழுதியில் விதைத்த நெல் முளைத்தவரைக்கும் முளைத்துக் கருகியது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் பெற்ற நம் பெரிய கண்மாயில் ஆடு மேய்ந்தது. 2017இல் தம்பி கிளம்பினான். கம்பெனி டிரைவர், 1,800 ரியால், ஓவர்டைம் தனி என்று சொன்னார் ஒருத்தர். உங்களில் ஒருத்தர் இல்லை, இப்போது தொழிலை விட்டுவிட்டார். 1,30,000 ரூபாய். அதில் 40,000 அவன் பெண்டாட்டி நகை. மீதி 90,000 மூணு வட்டிக்கு. மாதம் 2,700 வட்டி.

போய் இறங்கிய பிறகு தெரிந்தது, வீட்டு டிரைவர், 1,000 ரியால். அப்போது ரியால் 17 ரூபாய். 17,000. சாப்பாடு அவன் பாடு, போன் கார்டு அவன் பாடு, 300 ரியால் போனால் 11,900. வட்டி போக 9,200. அம்மா, பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், வீட்டுச் செலவுக்கு 6,000 இல்லாமல் முடியாது. மிச்சம் 3,200. முதல் இரண்டு மாதம் சம்பளமே இல்லை. 22 மாதத்துக்கு 70,400. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்தபோது வட்டிக் கடனே முழுதாகத் தீரவில்லை, நகை பேங்கில் கிடந்தது. இதில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, யாருக்கும் கல்யாணம் இல்லை, கூரை ஒழுகவில்லை. அப்படி எந்த வீட்டிலாவது இரண்டு வருஷம் போயிருக்கிறதா? அவன் திரும்பி வர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போது ஊரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

"வெளிநாட்டுக்குப் போயும் இவனுக ஏன் இப்படியே கிடக்கானுக, குடிச்சு அழிக்கிறானுக" என்று டீக்கடையில் பேசும் பெரியவர்களுக்கும் இந்தக் கணக்கைத்தான் பேப்பரில் எழுதிக் காட்டுகிறேன். குடித்து அழித்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1,30,000க்குப் பதில் அந்த 35,400 மட்டும் வாங்கியிருந்தால்? நகையே போதும், வட்டிக்கடை வாசல் மிதித்திருக்க வேண்டாம். மாதம் 5,900 மிச்சம். சம்பளம் இல்லாத அந்த முதல் இரண்டு மாதத்தைச் சேர்த்தாலும், ஒன்பதாவது மாதம் நகை கழுத்தில் ஏறியிருக்கும். அதற்கப்புறம் வருவது எல்லாம் சம்பாத்தியம். ஒன்பது மாதத்துக்கும் ஐந்து வருஷத்துக்கும் நடுவில் நிற்பது மழையும் இல்லை, விதியும் இல்லை அண்ணே.

நீங்கள் உடனே என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "நாங்க யாரையும் கையப் பிடிச்சு இழுக்கல தங்கச்சி, அவனுகளா வந்து நிக்கிறானுக." அது உண்மை. வந்துதான் நிற்கிறார்கள். அரசாங்க ஆபீசர்கள் தண்டனைக்கு வரும் தண்ணியில்லாக் காடு இது. ஒரு போகம்தான், அதுவும் மேகம் பார்த்து. மிச்ச நாளில் கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடலாம், நூறு நாள் வேலைக்குப் போகலாம். சிப்காட் வரும் என்று நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சொன்னார்கள்.

காசு மட்டும் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். காலனியில் இருந்து வரும் ஒரு பையன், மூன்றாவது தடவையாகத் துபாய்க்குப் போகிறவன், பேப்பர் பிரிண்ட் ஆகிற நேரத்தில் சொன்னான்: "இங்க இருந்தா எங்கப்பா மாதிரி கூப்பிட்ட குரலுக்கு ஓடணும்க்கா. அங்கயும் ஏசுறான். ஆனா எல்லாரையும் ஒரே மாதிரி ஏசுறான்." இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அவன் கட்டிய மச்சு வீட்டைப் பார்த்து ஊரில் சிலருக்கு இன்னும் வயிறு எரிகிறது என்பதும் எனக்குத் தெரியும். அவனிடம் போய் "போகாதே, சொந்த மண்ணில் உழைத்துப் பிழை" என்று வசனம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. போக வேண்டியவர்கள் போகட்டும். 2015இல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் இருந்து வெளிநாட்டில் இருப்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அத்தனை பேரும் ஏமாந்துவிடவில்லை. எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் படித்ததும் தங்கச்சிகள் கல்யாணம் ஆனதும் அந்தக் காசில்தான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நம் பஸ் நிறுத்தத்து ஹோட்டலில் பரோட்டா போடுவது ஒடிசாப் பையன். முன்பு அந்த ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர் ஷார்ஜாவில் பரோட்டா போடுகிறார். ஒடிசாப் பையனையும் யாரோ ஒருத்தர் கமிஷனுக்குத்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறார். சம்பளத்தில் மாதம் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு மாவைத் தட்டப் போய்விட்டான்.

உங்களை அரக்கர்கள் என்று எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. உங்களில் பாதிப் பேர் போய் அடிபட்டுத் திரும்பியவர்கள். ஒருத்தருக்குச் சவுதியில் தமாமில் சாரம் சரிந்து இடுப்பு போயிற்று. வேறு வேலை செய்ய முடியாமல் தெரிந்த தொடர்புகளை வைத்து ஆள் அனுப்ப ஆரம்பித்தார். உங்களுக்கே மேலே இருக்கிறவன் முழுக் கதையையும் சொல்வதில்லை. விசா ரத்தானால் பணத்தைத் திருப்பிக் கேட்டு வருகிறவர்கள் உங்கள் வீட்டு வாசலில்தான் மண்ணள்ளித் தூற்றுகிறார்கள், மும்பைக்காரன் வாசலில் இல்லை. 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுக்குத்தான் இடம். உங்களை மாதிரி சப்-ஏஜென்ட் என்று ஒருவர் அந்தச் சட்டத்தில் கிடையவே கிடையாது. பதிவு இல்லாமல் ஆள் அனுப்பினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், 2,000 ரூபாய் வரை அபராதம். 2,000 ரூபாய்! ஒரு ஆளை அனுப்பினால் உங்களுக்கு நிற்பதில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று நீங்களே சொல்லுங்கள். இந்தச் சட்டத்தை யாரைப் பயப்பட வைக்க எழுதினார்களோ.

டெல்லியையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. வளைகுடாவில் இந்தியத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு சம்பளம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். 2020 செப்டம்பரில், கொரோனா நேரத்தில், அதைத் தாங்களே 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தார்கள். குறைத்தால்தான் நம் ஆட்களை எடுப்பார்களாம். சத்தம் எழுந்த பிறகு 2021இல் திருப்பினார்கள். பத்தாவது பாஸ் விஷயமும் அப்படித்தான். பத்தாவது படிக்காதவனுக்கு 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ் வேண்டும். ஒப்பந்தம் சரிபார்க்க வேண்டும், 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம். பத்தாவது பாஸ் என்றால் இது ஒன்றும் வேண்டாம், நேரே போகலாம். சர்டிபிகேட் வாங்கிப் பாதுகாப்பைத் தொலைத்த கதை. அந்தக் காப்பீட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான். படித்தவர்களும் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் ஒரு தடவையாவது யாரிடமாவது சொன்னதுண்டா? படிக்காதவனைக் கூட, கிளியரன்சைத் தாண்டிப்போக விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறீர்கள். "அங்க போய் மாத்திக்கலாம்" என்பது உங்கள் வாய்ப்பாடு ஆகிவிட்டது.

இப்போது புதிதாகக் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் வருகிறார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டாலரில் சம்பளம். 2022இல் இப்படிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மரில் மியாவடிக்குக் கொண்டுபோய், ஆன்லைனில் ஊரை ஏமாற்றும் வேலை செய்யச் சொல்லி அடித்தது ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுப் பையன்களை மீட்டுச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். இந்த வரிசையில் தயவுசெய்து நீங்கள் யாரும் இறங்காதீர்கள், அதற்கு இந்த ஒரு பத்தி போதும் என்று நினைக்கிறேன்.

2024 ஜூன் 12ஆம் தேதி என் கடை எப்படி இருந்தது என்று சொல்கிறேன். குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் விடியற்காலையில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் எரிந்தது. செத்தவர்கள் சுமார் 50 பேர், அதில் இந்தியர்கள் குறைந்தது 45, தமிழ்நாட்டுக்காரர்கள் 7. மதியத்துக்குள் என் கடையில் கூட்டம். பிள்ளைகள் இருக்கும் கட்டடம் எது என்று யாருக்கும் தெரியாது. "குவைத்துல இருக்கான்", அவ்வளவுதான். கையில் கம்பெனி பெயர் இல்லை, சிவில் ஐடி நகல் இல்லை. 'பட்டாக்கா' என்று பேச்சில் சொல்வார்களே தவிர, அதை ஒரு போட்டோ எடுத்து வீட்டில் கொடுத்துவைத்தவர்கள் இல்லை. என்னிடம் இருந்த பழைய விசாக் காப்பிகளைக் கம்ப்யூட்டரில் தோண்டி எடுத்தேன். ஒவ்வொரு குடும்பமும் முதலில் போட்ட போன் உங்களுக்குத்தான். மூன்று பேர் எடுத்தீர்கள். மற்றவர்கள் போன் மாலைவரை ஸ்விட்ச் ஆஃப். நம் பக்கத்து ஆள் யாரும் அதில் இல்லை என்று ராத்திரிதான் தெரிந்தது. அதற்குள் ஒரு தாய் என் கடை வாசலிலேயே இரண்டு தடவை மயங்கி விழுந்தார்.

போனை எடுத்த மூன்று பேரில் ஒருத்தர், அந்தச் சாரம் சரிந்த அண்ணன். தான் அனுப்பிய ஒவ்வொருத்தரையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். பெயர், கம்பெனி, அங்கே உள்ள நம்பர், கூட இருப்பவன் நம்பர். ஒரு மணி நேரத்தில் எல்லார் வீட்டுக்கும் தகவல் சொல்லிவிட்டார். அவர் வாங்கும் பணம் கம்மி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நோட்டு மற்றவர்களிடம் ஏன் இல்லை என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன். அது யோசனையாகவே ஒரு வருஷம் கிடந்தது. வைகாசியில் அந்த மூன்று காப்பியை எடுத்துக் கொடுத்ததும் நான்தானே.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தொழிலை விடுங்கள் என்று சொன்னால் நீங்களும் விட மாட்டீர்கள், ஊருக்கும் வேறு வழி இல்லை. கூடப் போகச் சொல்லவும் முடியாது. அந்த நோட்டைப் போடுங்கள். விசாவில் என்ன தொழில் எழுதியிருக்கிறதோ அதையே வாயாலும் சொல்லுங்கள், மேய்க்கப் போகிறவன் மேய்க்கத்தான் போகிறோம் என்று தெரிந்து போகட்டும். தெரிந்தே போகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்கும் பணத்துக்குச் சீட்டு கொடுங்கள், பாதியை அங்கே போய் இகாமா கைக்கு வந்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். சவுதியில் இறங்கி 90 நாளுக்குள் இகாமா எடுக்க வேண்டும் என்பது அங்கத்திய விதி, அந்த மூன்று மாதம் நீங்கள் பொறுத்தால் என்ன? அந்த மூன்று மாதமாவது அவன் பிழைத்துக் கிடப்பதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.

நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். ஆவணி ஒன்றாம் தேதியில் இருந்து என் கடையில் விசா பேப்பர் பிரிண்ட் போடுவதற்கு முன்னால், அதில் உள்ள தொழில், ஸ்பான்சர் பெயர் இரண்டையும் போகிற ஆளிடமும் கூட வந்தவர்களிடமும் தமிழில் சத்தமாக வாசித்துச் சொல்லுவேன். எந்தப் பதிவு ஏஜென்ட் வழியாகப் போகிறார்கள் என்று கேட்டு, வெளிநாட்டு வேலைக்கான அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று அவர்கள் கண் முன்னாலேயே தேடிக் காட்டுவேன். ஒரு காப்பி வீட்டுக்கு, கட்டாயமாக. காப்பீடு வேண்டும் என்றால் போட்டுக்கொடுப்பேன். இதற்கெல்லாம் காசு கிடையாது. அரபியை மெஷின் தப்பாக வாசித்துவிடக் கூடாது என்று பள்ளிவாசல் மதரசாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்திடமும் கேட்டிருக்கிறேன், சந்தேகம் வந்தால் போட்டோ அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன் என்றார். அந்தப் பையன் விஷயமாக வெளியுறவுத் துறையின் 'மதத்' குறைதீர்ப்புத் தளத்தில், அவன் அம்மா பெயரில் மனு போட்டாயிற்று. உங்களில் அவனை அனுப்பியவர் யாரோ அவருக்கு இது தெரியும். ஸ்பான்சரின் போன் நம்பரை மட்டும் கொடுத்தால் போதும், உங்கள் பெயரை நான் எழுதவில்லை.

போர்டு எழுதக் கொடுத்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு நேற்று ஒருத்தர் போன் செய்தார். "என்ன தங்கச்சி, அப்ப நாங்க வேற கடை பாத்துக்கவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. தேவகோட்டை ரோட்டில் இன்னொரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அவரிடமும் பேசிவிட்டேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைத் தங்கச்சி